செக்கர் கண்ணாயிரமும் சிந்தெடிக் ஆயிலும்

கண்ணாயிரம் என்று பெயர் வைத்தபோது முசரவாக்கத்தில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. தாத்தா பெயர் பேரனுக்கு வந்தது, அவ்வளவுதான். பேரன்தான் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் உத்தியோகமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அந்த ஆயிரத்தில் ஒரு கண்கூட இன்றைய தேதிவரை எதையும் நம்பி மூடியதில்லை.

அப்பா நெல் விளைத்தார். பிள்ளை காஞ்சிபுரத்துக்கு வந்து ஒரு பட்டுக் கடையில் சேலை செக்கராகச் சேர்ந்து, முப்பத்தொரு வருஷம் ஒரே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நெசவாளி கொண்டுவரும் சேலையை விரிப்பார். நிறம் பார்ப்பார். உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவுவார். ஜரிகையில் ஓர் இழையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். தெரிந்தால் அசல். "பாஸ்" என்பார். தெரியாவிட்டால் "எடுத்துக்கினு போ" என்பார். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வார்த்தை அந்த மேஜையில் செலவானதில்லை.

காஞ்சிபுரத்து ஜரிகைக்கு ஒரு விசித்திரமான அகராதி உண்டு. ஊர் உலகத்தில் 'டெஸ்டட்' என்றால் சோதித்துத் தேறியது என்று பொருள். இந்த ஊரில் மட்டும் 'டெஸ்டட்' என்பது செம்புக் கம்பிக்குப் பூச்சு பூசிய போலி ஜரிகையின் பெயர். யார் வைத்தாரோ, நல்ல குசும்புக்காரர். அதற்கும் கீழே, வாயால் சொன்னாலே நாக்கைக் கழுவ வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: 'சிந்தெடிக்'. பட்டு என்று சொல்லி வந்த நூல், நெருப்பில் காட்டியதும் முடி கருகும் வாசனை வராமல் உருகிச் சொட்டினால், கண்ணாயிரம் அந்த வார்த்தையைச் சொல்வார். கேட்டவர் அதற்குமேல் மேஜை முன்னால் நிற்க மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு மேஜை போய்விட்டது. கண் போகவில்லை. பால்காரர் கொண்டுவரும் பாலை நகத்தில் விட்டுப் பார்ப்பது, புது மிக்ஸியைப் பிரித்து உள்ளே இருப்பது செம்புச் சுருள்தானா என்று பார்ப்பது, பிரித்த மிக்ஸியைச் சேர்க்கத் தெரியாமல் மனைவி கிருஷ்ணவேணியிடம் அம்மிக்கல்லின் அருமையைப் பேசுவது என்று காலம் ஓடியது. வீட்டுக் கேட்டின் கீலுக்கு இருபது வருஷமாக அவர் எண்ணெய் விட்டதில்லை. அது கிறீச்சிட்டால்தானே யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியும்? நாய் என்றால் பிஸ்கட் போட்டு யாராவது மயக்கிவிடலாம். கேட்டை யார் மயக்க முடியும்?

இப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றின் மீது மட்டும் காரணம் கேட்காமல் ஆசை வைத்தார். அது மகள் தீபிகாவின் கார்.

தீபிகா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். கம்பெனி பஸ்ஸில் போய் வருவாள். அவள் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு கார் வாரம் முழுக்க வீட்டில் நிற்கும். பார்க்கச் சின்ன வண்டிதான், உள்ளே டர்போ. ஒரு நாள் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் கண்ணாயிரம் அதை பெங்களூர் ரோட்டில் தாமல் ஏரிக்கரை வரை ஓட்டிப் போனார். மிதித்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியது மாதிரி வண்டி பாய்ந்தது. கண்ணாயிரம் முதலில் கண்ணாடியில் பின் சீட்டைத்தான் பார்த்தார். யாரும் இல்லை. அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குத் தாமலுக்கு 'வாக்கிங்' போக ஆரம்பித்தார். ஏரிக்கரையில் இறங்கி காரைச் சுற்றி ஒரு தடவை நடப்பார். அது வாக்கிங்.

ஆறு மாசமாக இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆயில் மாற்றும் நாள் வந்தது.

"அப்பா, எனக்கு வெள்ளிக்கிழம லீவு கெடைக்காது. நீதான் போவணும்" என்றாள் தீபிகா. "சனாவுல்லா பாய் ஷெட்டுல சொல்லிட்டேன். ஆயில் அவரே வாங்கி வெச்சிட்டாரு. நீ வண்டிய வுடணும், சேர்ல உக்காரணும், வரணும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"மிக்ஸிய பிரிச்ச மாதிரி இதுல எதனா கைய வெச்சே, சாவிய மறந்துடு. உன் வாக்கிங் காலாலதான்."

வாக்கிங் ரகசியம் அவளுக்குத் தெரியும் என்பது கண்ணாயிரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று ஒரு சந்தேகம் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தார். முதலில் சாவி.

சனாவுல்லாவின் ஷெட் ஒலிமுகமதுபேட்டையில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக அங்கே வண்டி பார்க்கிறார். பெயர்ப் பலகை கிடையாது. ஒரு மூலையில் காலி ஆயில் டப்பாக்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் வயிற்றில் ஒரு ஓட்டை. ஒரு டப்பாவைக்கூட முழுசாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று கண்ணாயிரம் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

சனாவுல்லா சீல் உடைக்காத புது டப்பாவை எடுத்து வைத்தார். கண்ணாயிரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"இன்னா பாய் இது?"

"ஆயில்ணா."

"ஆயில்னு எனக்கும் தெரியுது. இன்னா எழுதியிருக்குது பாரு. சிந்தெடிக். அதுவும் ஃபுல்லி! காவாசி கூட அசல் இல்லன்னு அவனே ஒத்துக்கினு அச்சடிச்சிருக்கான். கீழ பாரு. 'டர்போ டெஸ்டட்'. டெஸ்டட்டாம்! கொஞ்சங்கூட வெக்கமே இல்லாம தங்க கலர்ல வேற போட்டிருக்கான்."

சனாவுல்லா ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"ண்ணா, அது பொடவ. இது ஆயில்ணா."

"பேரு ஒண்ணுதானே?"

"உனக்குப் பேரு கண்ணாயிரம். ரெண்டுதான இருக்குது?"

இந்த வாதத்தைக் கண்ணாயிரம் ரசிக்கவில்லை. டப்பாவைத் திறக்கச் சொன்னார். ஒரு சொட்டைக் கட்டை விரலில் வாங்கி ஆள்காட்டி விரலால் தேய்த்தார். ஜரிகை தேய்த்த விரல்கள். தண்ணீர் மாதிரி வழுக்கி ஓடியது. முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"கனமே இல்லியே பாய். பட்டுன்னா கனம் வேணும். ஆயில்னாலும் கனம் வேணும். இதுல போட்டிருக்குதே, அஞ்சு டபிள்யூ நாப்பதுன்னு. அஞ்சு வெயிட்டுதானா இது? எங்க சித்தப்பா டிராக்டருக்கு இருவது டபிள்யூ ஐம்பது ஊத்துவாரு. இருவது வெயிட்டு!"

"டபிள்யூன்னா வெயிட்டு இல்லணா. விண்டர். குளிர்ல எப்டி ஓடும்னு சொல்றது."

"விண்டரா? காஞ்சிபுரத்துலயா? மார்கழி மாசத்துலயே எங்கூட்ல ஃபேன் ஓடிக்கினு இருக்குது. ஊருக்கே இல்லாத குளிருக்கு ஒரு ஆயிலு!"

"நமக்குத்தான் குளிர் இல்ல. ராத்திரி பூரா நின்ன வண்டிய காலைல நீ ஸ்டார்ட் பண்ற அந்த நிமிஷம் இருக்குது பாரு, இன்ஜினுக்கு அதான் குளிர். கெட்டி ஆயில் மேல ஏறதுக்கே நேரமாவும். அதுக்குள்ள டர்போ காஞ்சி போயி சுத்தும்."

விளக்கம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் கண்ணாயிரத்துக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் போலிச் சேலை கொண்டுவந்த எவனும் விளக்கம் இல்லாமல் வந்ததில்லை. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனவர், பத்து நிமிஷத்தில் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து ஒரு டப்பாவோடு வந்தார். இருபது டபிள்யூ ஐம்பது. மேலே கொட்டை எழுத்தில் 'பியூர் மினரல்'. பியூர்! அந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"இத ஊத்து."

"மாட்டேன்" என்றார் சனாவுல்லா. இப்போது சிரிப்பு இல்லை.

"வண்டி என்னுது பாய்."

"தீபிகாவுது."

கண்ணாயிரம் அந்த அடியை வாங்கிக்கொண்டு நின்றார். சனாவுல்லா குரலைத் தணித்தார். "ண்ணா, கேளு. டர்போன்றது நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான். ஒரு பக்கம் சைலன்சர் நெருப்பு. அத தாங்கிப் புடிக்கிறது காயிதம் தடிமன்ல ஒரு ஆயில் படலம். நீ கடாய அடுப்புல காய வெச்சி எண்ணெய ஊத்திட்டு மறந்துட்டா இன்னா ஆவும்? கருகி ஒட்டிக்கும்ல? மினரல் அந்த சூட்டுல அப்டிதான் ஆவும். அந்தக் கரி போயி சின்னக் குழாய அடைக்கும். இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. அஞ்சாறு மாசம் போவட்டும், டர்போ ஊளையிடும். அப்ப உன் பொண்ணு யாரு சட்டைய புடிப்பா? என் சட்டைய. ஊத்தறதுன்னா வேற எடத்துல ஊத்திக்க."

வேறு இடத்தில் ஊற்றிக்கொள்! கண்ணாயிரத்தின் ஆயிரம் கண்ணும் ஒன்றாகச் சுருங்கின. கையில் வந்த வேலையை ஒருவன் வேண்டாம் என்கிறான் என்றால், அந்தச் சிந்தெடிக் டப்பாவைத் தள்ளிவிடுவதில் அவனுக்கு ஏதோ இருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் இத்தனை பிடிவாதம்? மினரல் டப்பாவை டிக்கியில் வைத்தார். வண்டியை எடுத்தார்.

பைபாஸில் புதிதாக ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருந்தார்கள். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா எல்லாம் இருந்தது. சோபாவுக்கு எதிரே, ஒரு துளி எண்ணெய் படாத சட்டையில் தினேஷ் என்ற மேனேஜர் நின்றார்.

"வாங்க சார், உக்காருங்க சார். ஆயில் சேஞ்சா சார்? பண்ணிடலாம் சார்."

வண்டி என்னவென்றே அவர் இன்னும் பார்க்கவில்லை.

"டர்போ வண்டி. இந்த மினரல் ஊத்தணும். ஊத்தலாமா?"

"தாராளமா ஊத்தலாம் சார்."

"சிந்தெடிக் நல்லதுன்றாங்களே?"

"அதுவும் ஊத்தலாம் சார்."

"ரெண்டுல எது நல்லது?"

"உங்களுக்கு எது புடிச்சிருக்குதோ அது சார்."

கண்ணாயிரத்துக்கு ஏதோ நெருடியது. கரையில் ஒரு இழை விட்டுப்போன இடத்தில் விரல் நிற்குமே, அது மாதிரி. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தேங்காயெண்ணெ ஊத்தலாமா?"

தினேஷ் அரை நொடி திகைத்தார். பிறகு பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புன்னகை வந்துவிட்டது. "கஸ்டமர் திருப்திதான் சார் எங்களுக்கு முக்கியம்."

கண்ணாயிரம் எழுந்தார். பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே ஒரு அலமாரியில் காலி ஆயில் டப்பாக்கள் கொலு மாதிரி வரிசையாக நின்றன. எல்லாம் விலை உயர்ந்த டப்பா. ஒவ்வொன்றையும் துடைத்து வைத்திருந்தார்கள். லேபிளில் ஒரு கீறல் இல்லை. மூடிகள் பத்திரமாக மாட்டியிருந்தன. ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

குப்பைக்குப் போகிற டப்பாவை யார் துடைத்து வைப்பார்கள்?

அவருக்கு ஒரு பழைய ஆள் ஞாபகம் வந்தான். கடையில் விற்ற அசல் சேலைகளின் அட்டைகளை, கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தவன். கேட்டால், பிள்ளை விளையாடுவதற்கு என்பான். அவன் பிள்ளை விளையாடிய அட்டையெல்லாம் அடுத்த மாசம் சிந்தெடிக் சேலையில் தொங்கும். அவன் வாயில் 'இல்லை' என்ற சொல்லே வராது. "சரிங்க. மாத்திடலாங்க. நீங்க சொன்னா சரிங்க." வெண்ணெய் மாதிரிப் பேசுவான்.

கூடவே தில்லையம்மாளும் ஞாபகத்துக்கு வந்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவாளி. கரையில் என்ன குறை என்று கண்ணாயிரம் ஒரு கேள்வி கேட்டாலே, சேலையை மேஜையிலிருந்து உருவிக்கொள்வாள். "வேணான்னா குடு. நான் நெய்ஞ்சத நானே கட்டிக்கினு போறேன். உன் பாஸ் யாருக்கு வேணும்?" அவள் சேலையில் ஒரு தடவைகூடக் குறை இருந்ததில்லை. முப்பத்தொரு வருஷம் அந்த மேஜை கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான்: 'ஆகட்டும்' என்பவனின் சரக்கைச் சுரண்டிப் பார். 'மாட்டேன்' என்பவளின் சரக்கைச் சுரண்ட வேண்டாம்.

இத்தனை பாடத்தையும் இரண்டு மணி நேரமாக எங்கே வைத்திருந்தோம் என்று கண்ணாயிரம் தன் மீதே சந்தேகப்பட்டார். அது அவருக்குப் புது அனுபவம்.

"சார், வண்டிய ஏத்திடலாமா?" என்றார் தினேஷ்.

"கேஸ்மேல பால வெச்சிட்டு வந்துட்டேன்பா" என்று சொல்லிவிட்டு கண்ணாயிரம் வண்டியை எடுத்தார்.

சனாவுல்லா அதே இடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சிந்தெடிக் டப்பா அதே இடத்தில் இருந்தது. கார் வந்து நின்றதை அவர் பார்த்தார், பேப்பரை இறக்கவில்லை.

கண்ணாயிரம் இறங்கினார். டயரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"வண்டி சூடேறட்டும்னு ஒரு ரவுண்டு அடிச்சேன். சூடா இருந்தாதான் பழைய ஆயில் நல்லா வடியும்னு சொல்வாங்க."

"வாஸ்தவம்தான்" என்றது பேப்பர். "ரவுண்டு பைபாஸ் வரிக்கும் போச்சோ?"

கண்ணாயிரம் மூலையில் கிடந்த டப்பாக்களைக் காட்டினார். "அதுல ஏன் பாய் ஓட்ட?"

"போடலன்னா சாயங்காலம் ஒருத்தன் வருவான். 'பாய், காலி டப்பா குடு, பைசா தரேன்'னுவான். அடுத்த வாரம் அதே டப்பா எதையோ ரொப்பிக்கினு சீலோட என் ஷெட்டுக்கே வந்து நிக்கும். அதான், ஊத்தி முடிச்ச ஒடனே ஒரு குத்து." சனாவுல்லா பேப்பரை மடித்தார். "ஒண்ணு கேக்கறேன் தப்பா நெனைக்காத. எம்பொண்ணு ஆஷிஃபா கல்யாணத்துக்குப் பொடவ எடுத்துக்கினு உன்கிட்ட வந்தேன். நீ சுரண்டிப் பாத்துட்டு, எடுத்துக்கினு போ, கடையில திருப்பிக் குடுன்ன. எம்பொண்டாட்டி ஃபரீதாவுக்கு உசுரான கலர் அது. நான் இன்னொரு ஆள்ட்ட காட்டுனனா? ஏன்னு கூட கேக்கல. திருப்பிக் குடுத்துட்டேன். ஒனக்கு கண்ணு தெரியும்னு எனக்குத் தெரியும்ணா."

கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"சரி, ஊத்து" என்றார். உடனே, "இரு இரு. நான் எதையாவது ஒண்ணு பாக்கணுமே" என்றார். பார்க்காமல் 'பாஸ்' சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பாரு, யாரு வேணான்னா? ஆனா விரல்ல தேய்க்காத. வண்டியோட வந்த புக்கு உள்ள இருக்குது. அதுல ஆயில் பக்கத்துல ஒரு நம்பர் போட்டிருக்கும். டப்பா முதுகுல அதே நம்பர் இருக்குதா பாரு. முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம்தான் ஜாதகம்."

கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்தது. பொடி எழுத்து! கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புத்தகத்தையும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, கோடு, புள்ளி உட்பட ஒப்பிட்டார். பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒப்பிட்டார். கால் மணி நேரம் ஆனது. சனாவுல்லா டீ குடித்து முடித்தார்.

"பாஸ்" என்றார் கண்ணாயிரம்.

ஊற்றி முடித்ததும், சனாவுல்லா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவரிடம் நீட்டினார். கண்ணாயிரம் டப்பாவின் வயிற்றில் ஒரே குத்தாகக் குத்தினார். அவ்வளவு நிம்மதியை அவர் ஓய்வுபெற்ற பிறகு அனுபவித்ததில்லை.

"இன்னொண்ணு" என்றார் சனாவுல்லா. "தாமல்லேந்து வாக்கிங் வந்து நின்ன ஒடனே டக்குனு ஆஃப் பண்ணாத. ஒரு நிமிசம் ஓடட்டும். டர்போ மூச்சு வாங்கிக்கும்."

இந்த ஊரில் அவர் வாக்கிங் போகும் விஷயம் தெரியாதவர் கிருஷ்ணவேணி ஒருத்திதான் போலிருக்கிறது.

சாயங்காலம் தீபிகா வந்தாள். கேட் கிறீச்சிட்டது. கண்ணாயிரம் சோபாவில் பேப்பர் படிப்பதாகக் காட்டிக்கொண்டார்.

"இன்னா ஆயில்பா ஊத்துனாங்க?"

"ஃபுல்லி சிந்தெடிக்."

சமையலறையிலிருந்து கிருஷ்ணவேணியின் தலை எட்டிப் பார்த்தது. "சிந்தெடிக்கா? அய்யய்யோ, திருப்பிக் குடுத்திருக்கலாமே!"

"இது நல்ல சிந்தெடிக்" என்றார் கண்ணாயிரம். அந்த இரண்டு வார்த்தைகளும் அவர் வாயில் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

தீபிகா வெளியே போனாள். பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாயிரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகள் அளவுக் கம்பியை உருவினாள். ஒரு சொட்டைக் கட்டை விரலில் வாங்கி, ஆள்காட்டி விரலால் தேய்த்து, முகர்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். கண்ணாயிரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெற்ற பிள்ளை!

பெருமை நீண்ட நேரம் நிலைக்கவில்லை. அவள் உள்ளே வந்தபோது கையில் ஒரு டப்பா இருந்தது. டிக்கியில் மறந்து வைத்த பியூர் மினரல்.

"பாய் ஷெட்டு போய் வர ஆறு கிலோமீட்டர். மீட்டர்ல இருவத்தி ரெண்டு ஓடியிருக்குது. காலைல நீ வாக்கிங் முடிச்சி வந்தப்புறம் போட்டோ எடுத்து வெச்சேன். இது இன்னா?"

"அது... சித்தப்பா டிராக்டருக்கு."

"டிராக்டர அவரு வித்து மூணு வருஷம் ஆச்சி."

கண்ணாயிரம் எல்லாவற்றையும் சொன்னார். டெஸ்டட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வரை, ஒன்று விடாமல். தீபிகா நடுவில் இரண்டு தடவை சிரித்துவிட்டு, சிரிக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். கையிலிருந்த சாவியை விரலில் சுற்றினாள். கண்ணாயிரத்தின் ஆயிரம் கண்ணும் அந்த வளையத்தோடு சுற்றின.

"தப்பு ஆயில் வண்டிக்குள்ள போவல. அதனால சாவி இருக்கட்டும்" என்று ஆணியில் மாட்டினாள். "ஆனா வாங்குன ஆயில் வீணாவக் கூடாதுல்ல?"

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது கண்ணாயிரத்துக்குப் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. "ஏய், வேணாம்மா, கேட்டுக்கு வேணாம்!" என்று அவர் வாசலுக்கு ஓடுவதற்குள், இரண்டு கீலிலும் இருபது டபிள்யூ ஐம்பது இறங்கியிருந்தது. பியூர் மினரல். நல்ல கனம்.

அதிலிருந்து அந்த கேட் மூச்சு விடுவதில்லை. தபால்காரர் வருகிறார், சத்தமில்லை. பால்காரர் வருகிறார், சத்தமில்லை. ஆகவே கண்ணாயிரம் இப்போது தாமலுக்குப் போய்விட்டு ஏழு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறார். இன்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைக்கிறார். பிறகு கேட்டுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார்.